கனூவுக்கு 30 பவுண்ட் மோட்டாரே போதும்

தோள்மூட்டு நோவு வந்த பிறகு துடுப்புப் போட முடியவில்லை. ஏரியை விடவும் மனமில்லை. அதனால் எங்கள் 16 அடி கனூவுக்கு (ஒடுங்கிய துடுப்புப் படகு) மின் கோட்டா (Minn Kota) நிறுவனத்தின் எண்டூரா சி2, 30 பவுண்ட் உந்துவிசை மின்மோட்டாரை வாங்கினேன்.

கடையில் 55 பவுண்ட்தான் நல்லது என்றார்கள். ஆனால் 100 பவுண்ட் எடைக்கு 2 பவுண்ட் உந்துவிசை என்பதுதான் பொதுக்கணக்கு. கனூ, நான், அப்பா, பற்றரி, தூண்டில் சாமான்கள் எல்லாம் சேர்ந்தாலும் 600 பவுண்ட் வராது. கணக்குப்படி 12 பவுண்டே போதும்.

மிச்சக் காசைப் பற்றரியில் போடுங்கள். முதலில் 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஈய-அமிலப் பற்றரியைப் பின்னால் வைத்தேன். மூக்கு மேலே எழும்பி, காற்றடித்த பக்கமெல்லாம் கனூ திரும்பியது. இப்போது 50 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி, தடித்த வயரோடு நடுவில் இருக்கிறது. பக்கத்திலேயே, மின்னோட்டம் மிஞ்சினால் துண்டித்துவிடும் பிரேக்கரும் உண்டு. முழு வேகத்தில் மோட்டார் 30 ஆம்பியர் வரை இழுக்கும், ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இரண்டாம் வேகத்தில் ஒரு காலை முழுக்க ஓடுகிறது.

மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இருக்கிறதே, அதில்தான் கவனம் வேண்டும். அதிர்வில் திருகுகள் மெல்ல மெல்லக் கழன்று, நடு ஏரியில் மோட்டார் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ரப்பர் துண்டு வைத்து இறுக்கி, கயிற்றாலும் கட்டிவிட்டேன்.

அத்தோடு, மின்மோட்டார்தானே என்று இருந்துவிடாதீர்கள். கனடாவில் இதற்கும் படகோட்டும் அட்டை வேண்டும்.

சத்தமே இல்லை. அப்பா முன்னால் இருந்து தூண்டிற்கயிறு இழுபடும் ஓசையைக் கேட்கிறார்.