அடிச்சட்டம்: தச்சு அருமை, அடித்தளம் சொதப்பல்

அம்பாசமுத்திரம் பக்கத்துத் தச்சுப் பட்டறை ஒன்று வீட்டின் மரக்கூட்டுக்கு (மரச் சட்டக எலும்புக்கூடு) அடிச்சட்டம், அதாவது தூண்களைத் தாங்கிக் கல் மேல் படுக்கும் கீழ் உத்திரம், போட்டுத் தருகிறது. இணைப்பு வேலை முதல் தரம். மூலையில் பாதிக்குப் பாதி வெட்டிய பொருத்து. தூணின் கழுந்து (அடியில் செதுக்கிய முளை) சுத்தியலால் தட்டினால்தான் சட்டத்தின் துளைக்குள் இறங்குகிறது. துளையின் அடியில் சின்னதாய் வடிகால் ஓட்டையும் உண்டு. அது இல்லையென்றால் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கி, கழுந்துதான் முதலில் உளுத்துப்போகும்.

கோட்டை விட்டது அடித்தளத்தில். சட்டத்தைத் தாங்கும் கருங்கல், தரைமட்டத்துக்கு மேல் 4 அங்குலம்தான் நிற்கிறது. 8 அங்குலமாவது வேண்டாமா, சாரல் தெறிக்குமே! கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் தடுக்கும் தார்ஷீட் கிடையாது. இடைவெளியைச் சிமெண்டால் பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியேறாது, கரையான் ஏறுவதும் கண்ணில் படாது. இரண்டு சட்டத்தை நீளவாக்கில் சேர்க்கும் நீட்டு இணைப்போ, அடியில் தாங்கக் கல் இல்லாமல், இரண்டு கல்லுக்கு நடுவே அந்தரத்தில்.

மர வேலையை மட்டும் இவர்களிடம் கொடுங்கள். கொத்தனார் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துக் கல் மட்டம் பார்க்கும்வரை சட்டத்தை ஏற்ற விடாதீர்கள்.