"ஒரிஜினல் விண்டோஸ்" என்று காசு வாங்கி கிராக் போடுகிறார்கள், கவனம்

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் லப்டொப் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. இந்த வேலையை ஒரு கடை மட்டும் செய்யவில்லை. கிராக் என்றால் உரிமம் வாங்காமல் மென்பொருளை ஓடவைக்கும் களவு நிரல்.

தங்கச்சியின் லப்டொப் மெதுவாகிவிட்டதென்று ஏ9 வீதியோரக் கடையொன்றில் கொடுத்தோம். "விண்டோஸ், ஒபிஸ், போட்டோஷொப் எல்லாம் ஒரிஜினலாப் போட்டுத் தாறன் அக்கா" என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். பில்லில் 'சொப்ட்வெயார்' என்ற ஒரு சொல்லும் தொகையும் மட்டும்தான்.

கொஞ்ச நாளில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ எழுத்துகள் ஒட்டியிருந்தன. 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள் என்றால் 490 என்று ஒவ்வொரு போல்டரிலும் ஒரு கடிதம்.

2009இல் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. வெளிநாட்டுச் சொந்தங்களிடம் இருந்த பழைய படங்களை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி, தங்கச்சி பொறுமையாகச் சேர்த்து வைத்திருந்தாள். கனடா மாமா தன்னிடம் இருந்தவற்றைத் திரும்பவும் அனுப்பிவிட்டார். பெரியம்மா இப்போது உயிரோடு இல்லை. அவர் அனுப்பிய படங்களை இனி யாரிடம் கேட்பது?

வவுனியாவில் இந்தத் துறையில் இருக்கும் ஒருவர் பார்த்துவிட்டு, இது ஸ்டொப் என்ற ரான்சம்வெயார், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ் என்றார். 2018இலிருந்து பெரும்பாலும் கிராக்குகளோடும், உரிமக் குறியீட்டைக் களவாக உருவாக்கும் கீஜென்களோடும்தான் பரவுகிறது. 2019 ஒக்டோபரில் எம்சிசொப்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவசத் திறப்பானை வெளியிட்டது. ஆனால் புதிய வகைகள் தங்கள் சேர்வரோடு பேசி ஒவ்வொரு கணினிக்கும் தனித் திறப்பு வாங்கிப் பூட்டுகின்றன. எங்களுடையது அப்படித்தான். அந்த நேரம் இணையம் அறுந்திருந்தால் பொதுத் திறப்பால் பூட்டியிருக்கும், மீட்க வாய்ப்பும் இருந்திருக்கும். சிக்னல் இல்லை என்று எத்தனை நாள் புறுபுறுத்திருப்போம்!

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். அந்த லப்டொப் வாங்கும்போதே விண்டோஸ் ஹோம் உரிமத்தோடு வந்தது. அப்படி வருபவற்றில் உரிமக் குறியீடு மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். அதை அழித்துவிட்டு, அந்த உரிமம் செல்லாத 'புரோ' பதிப்பைப் போட்டு, ஆக்டிவேட் பண்ண கிராக்கை ஓடவிட்டிருக்கிறார்கள். கிராக் ஓட வேண்டுமென்பதற்காக விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிபென்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்தும் விட்டார்கள். வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவியைக் கையில் தந்தது போலத்தான் இது.

போய்க் கேட்டால், "நீங்கள் ஏதும் லிங்க் அமத்தியிருப்பியள்" என்றார்கள். அரைவிலைக்கு போர்மட் பண்ணித் தருகிறோம் என்று, முதல் போட்ட அதே பென்டிரைவை எடுத்தார்கள்.

சரி, அந்த மாதிரிக் கடையில் கொடுத்தவர்கள் இப்போதே விண்டோஸ் செக்கியூரிட்டியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற அந்த விலக்குப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஏதாவது அங்கே இருந்தால் இணையத்தைத் துண்டியுங்கள். இந்த வகை வைரசோடு பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களும் வருவதுண்டு. அதனால் மின்னஞ்சல், பேஸ்புக், வங்கிக் கடவுச்சொற்களை வேறு கருவியில் இருந்து மாற்றுங்கள். தங்கச்சியின் பேஸ்புக்கிலிருந்து சொந்தக்காரர்களுக்குக் காசு கேட்டுச் செய்தி போன பிறகுதான் எங்களுக்கு இது விளங்கியது.

கடிதம் எழுதி, பாடம் தயாரிக்க லிப்ரே ஒபிஸ் தாராளமாகப் போதும், அது முழுக்க இலவசம். படங்களை வெளி ஹார்ட்டிஸ்கில் பிரதி எடுத்துக் கழற்றி வையுங்கள், செருகியபடி விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். என்ன போட்டார்கள் என்று பில்லில் விபரமாக எழுதி வாங்கியிருந்தால் முறைப்பாடு வலுவாக நிற்கும்.

நாங்கள் காசு கட்டவில்லை. கட்டினாலும் திறந்து தருவார்கள் என்பதற்கு உறுதி இல்லை. பூட்டிய கோப்புகளை அழிக்காமல் தனி டிஸ்கில் வைத்திருக்கிறோம், எப்போதாவது திறப்புகள் வெளிவந்தால் உதவும்.