தல்வாரா, கட்டானாவா?

தல்வார் நம் நாட்டு வளைவாள், கட்டானா ஜப்பானிய வாள். லண்டனில் ஓர் ஏலத்துக்கு முன்பு இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். இருந்த காசுக்கு ஒன்றுதான் முடியும். தல்வாரோடு வீடு திரும்பி மூன்று வருடமாகிறது.

அழகைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம், இரண்டுமே கண்ணைப் பறிக்கும். கட்டானா இரு கைகளால் பிடிப்பது. தல்வாரின் பிடி சின்னது, அதன் தலையில் இருக்கும் வட்டத் தட்டு மணிக்கட்டில் இடிக்கும். இழுத்து அறுக்கும் வெட்டுக்காக அமைந்தது அது.

விற்கும் நாளை நினைத்து வாங்குகிறவர் கட்டானாவுக்கே போகலாம். மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினால், அடித்தண்டில் பல வாள்களில் கொல்லரின் பெயர் இருக்கும். 1948இல் ஜப்பானில் தொடங்கிய கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழும் இருந்தால் மதிப்பு தனி. தல்வாரில் பெரும்பாலும் பெயரே இருக்காது. இருந்தாலும் நம்ப முடியாது. 'அஸதுல்லா' என்ற புகழ்பெற்ற பாரசீகக் கொல்லர் பெயரை எத்தனையோ பேர் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

என்னைத் தல்வார் பக்கம் சாய்த்தது துருதான். கட்டானாவுக்கு எண்ணெய் மாற்றுவது நம்மால் முடியும். துரு ஏறிவிட்டால் நாம் கை வைக்கக்கூடாது. பயிற்சி பெற்ற மெருகாளர் கல் மேல் கல்லாக மாற்றித் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு மெருகிலும் மேல்தோல் எஃகு கொஞ்சம் குறையும். பலமுறை தேய்த்த வாளில் உள் எஃகே வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். நண்பர் ஒருவரின் வாளைப் பார்த்தும், மெருகாளர் ஒருவரிடம் விலை கேட்டும் தெரிந்துகொண்டது இது. நானே கட்டானா வைத்துப் பராமரித்ததில்லை.

என் தல்வார் ஊட்ஸ் எஃகு. மூடிய மண்கலத்தில் உருக்கிய, கரி மிகுந்த நம் தென்னாட்டு உருக்கு. 1820 வாக்கில் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே இதன் ரகசியத்தைத் தேடி ஆய்வு செய்திருக்கிறார். தண்ணீரலை போன்ற அதன் வரிகள் மேல்பூச்சு அல்ல, எஃகுக்குள்ளேயே ஓடுபவை. அதனால் மங்கினாலும் திரும்ப வரும். எண்ணெய் தோய்த்த மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் துருவை எடுத்தேன். பிடியருகே விரலகல இடத்தில் எஃகை லேசாக அரிக்கும் நீர்த்த ஃபெரிக் குளோரைடைத் தடவிப் பார்த்தேன். சோடா உப்புக் கரைசலால் கழுவித் துடைத்ததும் சாம்பல் நிறத்திலிருந்து அலைகள் எழுந்து வந்தன. அந்த நிமிடம் எனக்கு மூச்சே நின்றது. முழு அலகுக்கும் செய்ய இன்னும் தைரியம் வரவில்லை. அரிதான வாளாக இருந்தால் அனுபவசாலியிடமே கொடுங்கள்.

பிடியில் தங்க வேலைப்பாடு இருந்தால் அங்கே தேய்க்கவே தேய்க்காதீர்கள், தங்கம் போய்விடும். அலகைப் பிடிக்குள் நிறுத்தியிருப்பது அரக்கு, சூடு பட்டால் இளகும். பழைய தோலுறைக்குள்ளும் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்னுடையது எண்ணெய் பூசி, உறைக்கு வெளியேதான் கிடக்கிறது.