தெக்கோங் அடிப்படை இராணுவப் பயிற்சி: முடித்து வந்தவனின் மதிப்புரை

தேசிய சேவைக்கான அழைப்புக் கடிதம் வந்து சேர்ந்த வீட்டில் எழும் கேள்விகள் பெரும்பாலும் உடலைப் பற்றியவையாகவே இருக்கும். பிள்ளை வெயிலைத் தாங்குவானா, நேரத்துக்குத் தூங்க விடுவார்களா, சாப்பாடு எப்படி இருக்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சிங்கப்பூரின் புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படை இராணுவப் பயிற்சியை முடித்தவன் என்ற முறையில் அவற்றுக்கும் விடை சொல்கிறேன். ஆனால், முன்பின் அறியாத பத்துப் பன்னிரண்டு இளைஞர்களை ஓர் அறையில் தங்கவைத்து, சில வாரங்களிலேயே ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காதவர்களாக மாற்றிவிடுவதே இந்தப் பயிற்சியின் தலையாய சாதனை என்பது என் முடிவு. இந்த மதிப்புரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள கட்டாயத் தேசிய சேவையின் முழுநேரக் காலம் இரண்டு ஆண்டுகள். அதன் தொடக்கமாக அமையும் இந்தப் பயிற்சி, உடலுறுதித் தேர்வில் முன்கூட்டியே தேறியவர்களுக்கு 9 வாரங்கள் நீடிக்கும். மற்றவர்களுக்கு உடலைத் தயார்செய்யும் கட்டமும் சேர்வதால் காலம் கூடும். பயிற்சி வீரருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் படித்தொகை 2025 ஜூலை முதல் 790 வெள்ளி. இயன்றவர்கள் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தையும் தண்டால் பயிற்சியையும் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

பெற்றோரின் கவலைகளுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இரவில் ஏழு மணி நேர ஓய்வு விதிமுறையாகவே உள்ளது. வெயில் கடுமையாக இருக்கும் நேரங்களில் பயிற்சிக்கு இடையிடையே ஓய்வு வகுத்திருக்கிறார்கள். கடும் பயிற்சிக்குப் பின் கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடற்சூட்டைத் தணிக்கும் ஏற்பாடும் உண்டு. எல்லாரும் ஒன்றாக நின்று குறிப்பிட்ட அளவு தண்ணீர் குடித்துக் காட்ட வேண்டும் என்ற வழக்கம் முதலில் சிறுபிள்ளைகளை நடத்துவதுபோல் தோன்றினாலும், அதன் அருமை திறந்தவெளிக்குப் போன பிறகுதான் தெரியும். உணவு குறை சொல்லும்படி இல்லை. சைவ உணவு உண்பவர்களும் பசியோடு இருக்க வேண்டியதில்லை.

தோழமை எங்கே உருவாகிறது என்று கேட்டால், பலரும் தடை தாண்டும் களத்தையோ கையெறி குண்டு வீசும் நாளையோ சொல்வார்கள். என் அனுபவத்தில் அது துப்பாக்கி துடைக்கும் நேரத்தில்தான் உருவாகிறது. சிங்கப்பூரிலேயே வடிவமைக்கப்பட்ட எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் சுடும் பயிற்சி முடிந்ததும் அதன் பாகங்களுக்குள் கரி படிந்துவிடும். நடைக்கூடத்தில் வட்டமாக அமர்ந்து, பாகங்களைத் துணிமேல் வரிசையாகப் பரப்பி, பஞ்சுக்குச்சியாலும் எண்ணெய்த் துணியாலும் அந்தக் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். செக்‌ஷன் என்ற எங்கள் சிறு குழுவின் தலைவர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரே ஒரு துப்பாக்கியில் கறை தெரிந்தாலும் எல்லாரும் மறுபடி உட்கார வேண்டும் என்பதால், முதலில் முடித்தவன் எழுந்து போவதில்லை. பக்கத்தில் இருப்பவனின் பாகம் ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்குவான். கைகளுக்கு வேலையும் வாய்க்கு விடுதலையும் கிடைக்கும் அந்த நேரத்தில்தான் வீட்டுக் கதைகள் வெளியே வரும். தந்தையின் கடையில் வேலை பார்த்தவனும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி வைத்திருந்தவனும், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவனும் ஒரே எண்ணெய்ப் புட்டியைக் கைமாற்றிக்கொண்டு பேசிய பேச்சை வேறு எந்த இடத்திலும் நான் கேட்டதில்லை. வெளியுலகில் இவர்கள் ஒரே மேசையில் அமர வாய்ப்பே இருந்திருக்காது.

இந்த நட்பு உரைத்துப் பார்க்கப்படும் இடம் காட்டு முகாம். குளியல் கிடையாது, உடலில் பூசிக்கொள்ளப் பவுடர்தான். படுப்பதற்கான குழியை அவரவர் இணைத்தோழனுடன் சேர்ந்து வெட்ட வேண்டும். தெக்கோங்கின் மண் மேலே இளகியும் கீழே வேர்கள் பின்னிக்கொண்டும் இருந்ததால், ஒருவன் வெட்ட மற்றவன் மண்ணை அள்ள, கை சோர்ந்ததும் மாற்றிக்கொண்டோம். அப்படி ஓர் இரவில்தான் பெற்றோர் எழுதிய கடிதங்களை எங்களிடம் கொடுத்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் இணைத்தோழன், சீன இளைஞன், தன் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, நான் அம்மாவின் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை தரைவிரிப்பை இரு கைகளாலும் என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தான். முகத்தில் பூசியிருந்த பச்சை மையின் கறை கடிதத்தின் ஓரத்தில் பெருவிரல் அளவுக்கு ஒட்டியிருக்கிறது. அம்மா அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் படிக்கும்போது நான் விரிப்பைப் பிடித்தேன்.

இறுதியில் வரும் 24 கிலோமீட்டர் நடையைப் பற்றிப் பயமுறுத்தும் பேச்சுகள் நிறைய உலவுகின்றன. படிப்படியாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டு வருவதால் கால்கள் பழகிவிடுகின்றன என்பதே உண்மை. கடைசிப் பகுதியில் தோள்பட்டை எரியும்போது, பின்னால் வருபவன் நம் முதுகுப்பையை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடிப்பான். பாரம் குறைவது கொஞ்சம்தான் என்றாலும் நடை நிற்காமல் தொடரும். கொப்புளத்துக்கான பட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

எனக்கு முழு உடன்பாடில்லாத அம்சம், சக வீரர்களே ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை. அதிகாரி பயிற்சிக்கும் நிபுணர் (அதிகாரிகளுக்கு அடுத்த நிலைத் தலைவர்) பயிற்சிக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும்போது அந்த மதிப்பீடும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கூடவே உறங்கி எழுந்தவனுக்குத்தான் ஒருவனின் குணம் தெரியும் என்பதால் இதற்கு நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நேற்று என் பையைத் தாங்கியவனை இன்று வரிசையில் கீழே எழுதுவது, பயிற்சி முழுவதும் கற்றுத்தந்த பாடத்துக்கு நேர் எதிரானது. சிறந்தவர் யார் என்று மட்டும் கேட்டு, கடைசி இடங்களை எழுதச் சொல்லாமல் விட்டால் நோக்கமும் நிறைவேறும், யாருடைய மனமும் புண்படாது என்று நினைக்கிறேன்.

பயிற்சி நிறைவு அணிவகுப்பில் தொப்பிகள் ஒரே நேரத்தில் மேலே பறக்கும் காட்சியைக் காணக் குடும்பத்தார் தவறாமல் செல்ல வேண்டும். அது பல ஆண்டுகளாக மரினா பே மிதக்கும் மேடையில் நடந்து வந்தது; அங்கே இப்போது என்எஸ் ஸ்குவேர் என்ற தேசிய சேவைச் சதுக்கம் எழுகிறது. எங்கே நடந்தாலும், அணி கலைந்தவுடன் உங்கள் பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். விடுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் வெவ்வேறு படைப்பிரிவுக்குப் போய்விடுவார்கள். செக்‌ஷன் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பது அன்றைக்குத்தான். அவனுடைய இணைத்தோழன் யார் என்று கேட்டு, அந்தப் பையனின் பெற்றோரிடம் இரண்டு வார்த்தை பேசி, தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். என் அம்மா அப்படித்தான் செய்தார். இந்தத் தீபாவளிக்கு அவர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.