எட்டு ஆண்டுகள், ஒரு முதுகுப் பை: தக்கலையிலிருந்து சென்னைக்குக் குறைந்த செலவில் சென்று தங்கிய அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் நான், 2017ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், 40 லிட்டர் கொள்ளும் முதுகுப் பை ஒன்றை நாகர்கோவிலில் வாங்கி, அதை மட்டும் சுமந்துகொண்டு முதன்முதலாகத் தனியே சென்னைக்குப் போனேன். திருமணமோ மருத்துவமனையோ காரணமாக இல்லாமல், ஊரைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண் சென்னைக்குப் போவது எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததில்லை. உறங்குவதைக் கிடப்பது என்று சொல்லும் எங்கள் பக்கத்து வழக்கில், "ராத்திரி எங்கெ கெடப்பே?" என்பதுதான் அம்மா கேட்ட ஒரே கேள்வி. இன்றுவரை 13 முறை போய் வந்திருக்கிறேன். கொரோனாக் காலத்து இரண்டு ஆண்டுகள் போகவில்லை. ஒவ்வொரு முறையும் நான்கைந்து நாள்கள் தங்குவேன்; ரயில் கட்டணம் நீங்கலாக நாளொன்றுக்கு 700 ரூபாய் என்று தொடங்கிய கணக்கு இப்போது 1,000 ரூபாயில் நிற்கிறது.

அம்மாவின் கேள்விக்கு விடை காண்பது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. சென்னையில் மலிவான தங்கல் என்றாலே திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்தாம் நினைவுக்கு வரும். வேலை தேடி வந்த பல தலைமுறை இளைஞர்களை அவை தாங்கியிருக்கின்றன. ஆனால் அவை ஆண்களுக்கானவை. ரயில் நிலையத்தின் ஓய்வறைகளையும் பொதுப் படுக்கைக் கூடங்களையும் பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டுதான் பதிவு செய்ய முடியும். அதிகம் போனால் 48 மணி நேரம். ஆகவே எனக்குக் கைகொடுத்தவை, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெருகிய பேக்பேக்கர் விடுதிகளே. ஓர் அறையில் ஆறு அல்லது எட்டு அடுக்குப் படுக்கைகள், படுக்கைக்கொரு திரை, விளக்கு, சார்ஜ் செய்ய ஒரு பிளக், பூட்டிக்கொள்ள ஒரு பெட்டி. பெண்களுக்கெனத் தனி அறை உள்ள விடுதிகளில் ஓர் இரவுக்கு 400 முதல் 750 ரூபாய் வரை கொடுத்திருக்கிறேன். பூட்டை நாமே கொண்டுபோக வேண்டும். பல இடங்களில் அந்தப் பெட்டி 40 லிட்டர் பையைக் கொள்ளாது என்பதால், பணம், அட்டைகள், கைபேசி ஆகியவற்றை மட்டும் அதில் வைத்துவிட்டுப் பையைச் சங்கிலியால் கட்டில் காலோடு பிணைத்துவிடுவேன். குளிர்சாதனம் இரவில் மட்டுமே ஓடும் விடுதிகள் உண்டு. மே மாதத்துச் சென்னையில் பகலில் உறங்க நினைப்பவர்கள் அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. 2019இல் அம்மாவையும் உடன் அழைத்துப் போனேன். கீழ்ப் படுக்கையில் திரையை இழுத்து மூடிப் பார்த்துவிட்டு, "கெடக்க எடம் கொள்ளாம்" என்றார்கள்; கொள்ளாம் என்றால் எங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று பொருள். எந்த விடுதியைப் பற்றியும் அதைவிட மதிப்பான கருத்தை நான் கேட்டதில்லை.

ஒரு குறையை மட்டும் விரிவாகவே எழுத வேண்டும். 2018 டிசம்பரில், முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்த ஒரு விடுதிக்குக் காலை ஏழு மணிக்குப் போய் நின்றபோது, என் ஆதார் அட்டையைப் பார்த்த பணியாளர், தமிழ்நாட்டு முகவரி உள்ளவர்களுக்கு இடம் தருவதில்லை என்றார். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஓர் இரவு முழுவதும், 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவளை உள்ளூர்க்காரி என்று அவர்கள் வகைப்படுத்தினார்கள். உள்ளூர் இளைஞர்கள் குடிப்பதற்கும் கூடுவதற்கும் அறை எடுக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த அச்சம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால், நடத்தையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதை முகவரியைப் பார்த்துத் தீர்மானிப்பது அநியாயம். அதே வரவேற்பு மேசையில் வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கான சி படிவத்தைப் பொறுமையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். அவ்வளவு எழுத்துவேலையை ஏற்பவர்களுக்கு என் மொழி பேசுபவளின் அட்டை சுமையாகத் தெரிந்தது எனக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தந்தது. அன்றிலிருந்து பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன்: "தமிழ்நாட்டு ஆதார், தனியாக வரும் பெண், இடம் உண்டா?" இந்த விதி இல்லாத விடுதிகள் இருக்கின்றன; கேட்டால்தான் தெரியும்.

இருந்தாலும், குறைந்த செலவில் பயணம் செய்பவரைப் பெருநகரத்தில் தாங்கி நிற்பது படுக்கை அன்று. அந்நகரம் எல்லோருக்குமாக வைத்திருக்கும் பொது வசதிகளே என்பது இத்தனை பயணங்களில் எனக்கு உறுதிப்பட்டது. மாலையில் நாகர்கோவிலில் ஏறினால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் விடியலில் எழும்பூரில் விடும். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு இரவுகளின் அறை வாடகை மிச்சம். பெண்கள் காத்திருப்பறையில் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு, பையைப் பொருள் பாதுகாப்பறையில் ஒப்படைத்துவிடுவேன். பூட்டில்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், பயணச்சீட்டையும் கேட்பார்கள். தோள் காலியான அந்தக் கணத்திலிருந்து நகரம் முழுவதும் கைக்கெட்டுகிறது. புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், என் போக்குவரத்துச் செலவு ஏறத்தாழ மறைந்தேபோனது. மாநகராட்சி நடத்தும் மலிவு விலை அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். 2013இல் தொடங்கியபோது வைத்த விலை அது. நடுப்பகல் வெயிலுக்கு, 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமோ, உயர்த்திய பாதையில் ஓடும் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்தால் வரும் அண்ணா நூற்றாண்டு நூலகமோ புகலிடம். மெரினாவில் விடியலைப் பார்க்கவும் யாரும் காசு கேட்பதில்லை. கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அலைக்கும் சாலைக்கும் இடையே அவ்வளவு அகலமான மணற்பரப்பு இருப்பது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இந்த வசதிகளுள் ஒன்று நின்றாலும் அதன் சுமை முதலில் பையைத் தூக்குபவர் தோளில்தான் ஏறும். 2023 ஆகஸ்ட் இறுதியில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டபோது, பூங்கா நிலையத்தில் இறங்கிச் சிந்தாதிரிப்பேட்டை வரை பையோடு நடந்திருக்கிறேன். அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்ட பிறகு, பேருந்தில் போவதை நான் விட்டுவிட்டேன். முனையம் விசாலமானது, தூய்மையானது. ஆனால் அங்கிருந்து நகருக்குள் நுழைய இன்னொரு பயணம் வேண்டும்.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்புப் பட்டை உள்ள பையைத் தேர்ந்தது நான் செய்த நல்ல காரியம். சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். ஐந்தாம் ஆண்டில் உட்புறத்து நீர்காப்புப் பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கியது. எங்கள் ஊரின் ஈரக் காற்றில் பரண்மேல் மூடி வைத்தது என் தவறு. இப்போது காற்றோட்டமாகத் தொங்கவிடுகிறேன். ஜிப் ஒருமுறை போனபோது மீனாட்சிபுரத்தில் பை தைப்பவர் ஒருவர் அரைமணி நேரத்தில் மாற்றித் தந்தார். டர்க்கித் துண்டு எடுத்துப் போவதை முதல் பயணத்தோடு நிறுத்தினேன். சென்னையின் புழுக்கத்தில் அது இரண்டு நாளானாலும் காயாது. நம் ஊரில் தோர்த்து என்று சொல்லும் மெல்லிய ஈரிழைத் துண்டு மின்விசிறிக் காற்றிலேயே இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், உள்ளங்கையளவு மடியும்.

இந்தப் பயணங்கள் எங்கள் மாவட்டத்தையும் வேறு கண்ணால் பார்க்க வைத்தன. விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரம் குறைந்த கட்டணத்தில் தங்க இடம் தருகிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமாக வந்து கிடைத்த இடத்தில் துண்டை விரித்துப் படுத்தாலும் கன்னியாகுமரி முகம் சுளிப்பதில்லை. யாத்திரிகரை ஏற்றுப் பழகிய ஊர் அது. ஆனால் தனியே பையுடன் வரும் ஒரு பெண்ணுக்கு, பெண்களுக்கென ஒதுக்கிய படுக்கையறை அங்கே எளிதில் அகப்படுவதில்லை. மாத்தூர் தொட்டிப் பாலத்தையும் திற்பரப்பு அருவியையும் நகரப் பேருந்திலேயே பார்த்துவிடலாம் என்று நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் நின்ற வெளியூர்ப் பெண்கள் இருவருக்கு ஒருமுறை வழி சொன்னேன். இரவு எங்கே தங்கலாம் என்று அவர்கள் கேட்டபோது, நிறைவான விடை என்னிடம் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு செய்திகள். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அரையாண்டு விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் அக்டோபர் இறுதியிலேயே விழித்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கும் 2022 ஜூலையில் வந்த 12 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகியிருக்கிறது. பழைய விகிதத்திலேயே ரசீது தந்தால் கேளுங்கள். இலேசான உறக்கம் உடையவர்கள் எட்டுப் படுக்கை அறையை விட்டு நான்கு படுக்கை அறைக்குப் போகலாம். கூடுதலாகக் கொடுக்கும் 150 ரூபாய் வீண் போகாது.