ஹெர்ஷ்ஃபீல்ட் முறை: கன காலம் பாவிச்ச ஒராளின்ர கருத்து

கொழும்பில இருந்துகொண்டு குளத்து வான் (மிஞ்சின தண்ணி வெளிய பாயுற வழி), அணைக்கட்டு டிசைனுக்கு மழைக்கணக்கு பாக்கிறதுதான் என்ர வேலை. ஒரு இடத்தில பௌதிக ரீதியா விழக்கூடிய ஆகக்கூடின மழை, அதான் பி.எம்.பி, அதுக்கு அமெரிக்க ஆய்வாளர் ஹெர்ஷ்ஃபீல்டின்ர முறைய கன வருசமா பாவிக்கிறன், புதுசா வாற பிள்ளையள் "இத நம்பலாமா அண்ணை" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறதால எழுதி விடுறன். கெதியா ஒரு நம்பர் வேணுமெண்டா இதுக்கு மிஞ்சின சாமான் இல்ல. ஆனா அந்த நம்பர மட்டும் வைச்சு வான் அகலம் போட்ட ட்ரோயிங்ல நான் சைன் வைக்க மாட்டன்.

முறை 1961 ல வந்தது. ஒவ்வொரு வருசமும் விழுந்த ஆகக்கூடின ஒருநாள் மழைய எடுங்கோ, சராசரியும் நியம விலகலும் (சராசரியில இருந்து எவ்வளவு சிதறுதெண்ட அளவு) பாருங்கோ, விலகல 15 ஆல பெருக்கி சராசரியோட கூட்டுங்கோ, முடிஞ்சுது. ராடார் வேண்டாம், எக்செல் காணும். அந்த 15 எங்கயிருந்து வந்ததெண்டா, ஹெர்ஷ்ஃபீல்ட் 2600 க்கு மேற்பட்ட ஸ்டேஷன் டேட்டாவப் பாத்து, எந்த மழையும் மிச்ச வருசங்களின்ர சராசரியில இருந்து அவ்வளவு விலகலத் தாண்டேல்ல எண்டு கண்டவர்.

இப்ப பிரச்சினைக்கு வாறன். 1992 ஜூன் 4 ந் திகதி கொழும்பில 490 மில்லிமீற்றருக்கு மேல விழுந்தது. 40 வருச டேட்டா இருக்கு, மற்ற 39 வருசத்துக்கும் சராசரி 120, விலகல் 45 எண்டு சும்மா வைச்சுக்கொள்ளுவம். அந்த ஒரு நாள் இல்லாட்டி பி.எம்.பி 795 மி.மீ. அத உள்ள போட்டா விலகல் 74 க்குக் கிட்டப் போகுது, விடை 1230 ஐயும் தாண்டுது! ஒரே ஒரு நாள், 400 மி.மீக்கு மேல வித்தியாசம், இதில ஒரு வானின்ர செலவே மாறிப்போகும். இதுக்கெண்டு ஹெர்ஷ்ஃபீல்டே திருத்த வளைகோடுகள் தந்திருக்கிறார், உலக வானிலை அமைப்பின்ர கைநூலிலயும் கிடக்கு, ஆனா நான் பாத்த ரிப்போட்டுகள் கனக்கில அந்தத் திருத்தத்த ஒருத்தரும் தொடுறேல்ல.

அடுத்தது அந்த 15. பிறகு அவரே அது எல்லா இடத்துக்கும் ஒண்டில்ல, வருச உச்ச மழையின்ர சராசரி கூடக்கூட குறையும், 5 இலயிருந்து 20 வரைக்கும் போகும் எண்டு சொல்லிட்டார். எங்கட நாட்டில இது பெரிய விசயம். மழை கொட்டுற மலைநாட்டு வட்டவளைக்கும் வரண்ட மன்னாருக்கும் ஒரே 15 ஐப் போட்டா வட்டவளையில தேவையில்லாம காச கொட்டுவீங்கள், மன்னாரில குறைச்சுப் போட்டிட்டு இருப்பீங்கள். வரண்ட பக்கந்தானே எண்டு விடேலாது, 1957 டிசம்பர் வெள்ளத்தில அநுராதபுரத்து நாச்சதுவ குளமே உடைஞ்சது.

சின்ன விசயம் ஒண்டு, எங்கட ஸ்டேஷன்கள்ல மழை அளக்கிறது காலமை 8.30 க்கு. ராத்திரி தொடங்கி மத்தியானம் வரை அடிச்ச மழை ரெண்டு நாளாப் பிரிஞ்சு போயிரும். அதுக்குத்தான் 1.13 ஆல பெருக்கிறது, மறக்காதேங்கோ. வாற நம்பரும் ஒரு புள்ளிக்குத்தான், பெரிய நீரேந்து பரப்பெண்டா குறைக்க வேணும்.

ஈரப்பதன் முறையோட ஒப்பிட்டா எப்பிடி எண்டும் கேக்கினம். நடந்த புயல் மழைய எடுத்து, காத்தில இருந்த ஈரத்த இருக்கக்கூடிய உச்சத்துக்கு ஏத்திப் பாக்கிறது அது. பெரிய அணையெண்டா அதத்தான் செய்ய வேணும். ஆனா சுத்திவரச் சூடான கடல், கொழும்பில வருசம் முழுக்க வேர்த்துக்கொண்டுதானே திரியிறம், ஏத்துறதுக்கு மிச்ச இடம் பெரிசா இல்ல. அதால ரெண்டையும் போட்டுப் பாத்து, தூரமா விலகி நிண்டா ஏனெண்டு தேடுவன். 2024 ல அமெரிக்க தேசிய அகடமிகள் பி.எம்.பிக்கு மேல்வரம்பு எண்ட நினைப்பையே விட்டிட்டு, தாண்டுற சாத்தியம் மிகமிகக் குறைஞ்ச மழை எண்டு வரையறுக்கச் சொல்லியிருக்கு. எனக்கு அது சரியாத்தான் படுது.

நம்பர் வந்தாப் பிறகு எச்.ஈ.சி-எச்.எம்.எஸ் ல (மழைய வெள்ளமா மாத்திக் கணக்குப் பாக்கிற மென்பொருள்) ஓட்டேக்க, குளம் முதல்லயே நிரம்பியிருக்கெண்டு வைச்சு ஓட்டுங்கோ. பாதிக் குளத்தோட ஓட்டி வெள்ளத்தக் குறைச்சுக் காட்டுற ஆக்கள் இருக்கினம், மாரி நல்லா அடிச்ச வருசம் டிசம்பரில வன்னிப்பக்கம் ஒருக்காப் போய் எத்தின குளம் வான் பாயுதெண்டு பாத்திட்டு வந்து பேசட்டும்.