ஓவர்லோடு ரிலேயா, எம்பிசிபியா, தெர்மிஸ்டரா?

மோட்டார் வைண்டிங்கை, அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளைக் கருக்குவது சூடு. ஆனால் மோட்டாரைக் காக்க நாம் பொருத்தும் கருவிகளில் பெரும்பாலானவை கரண்ட்டைத்தான் பார்க்கின்றன. உங்கள் மோட்டாரில் கரண்ட் ஏறாமலேயே சூடு ஏற வழி உண்டா? தேர்வை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி.

வழி இல்லையென்றால் பைமெட்டல் ஓவர்லோடு ரிலே (கரண்ட் கூடினால் உள்ளிருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைந்து மோட்டாரை நிறுத்த வைப்பது) தாராளமாகப் போதும். விலையும் குறைவு. இந்தப் பாதுகாப்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஆம்பியரை செட் செய்யும் டயலில் கை வைப்பதுதான். நேம்பிளேட்டில் 15 ஆம்பியர், டயலும் 15 என்றால், 18 ஆம்பியர் தொடர்ந்து ஓடும்போது 2 மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆக (மோட்டாரை நிறுத்த) வேண்டும் என்கிறது சர்வதேச ஐஇசி தரநிலை. 'அடிக்கடி ட்ரிப் ஆகுது' என்று டயலை 18-க்குத் திருப்பினால், அதே 18 ஆம்பியரில் ரிலே வாயே திறக்காது. ஸ்டார் இணைப்பில் கிளம்பி டெல்டா இணைப்புக்கு மாறும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், ரிலே டெல்டாவின் உள்ளே இருந்தால் நேம்பிளேட் கரண்ட்டில் 0.58 பங்குதான் செட்டிங். இதே மோட்டாருக்கு 8.7 ஆம்பியர்.

எலக்ட்ரானிக் ரிலேக்குக் கூடுதல் காசு கொடுக்க இரண்டு காரணங்கள். ஒரு பேஸ் போனால் சில நொடிகளிலேயே நிறுத்திவிடும். முழு லோடில் மற்ற இரண்டு பேஸில் கரண்ட் சுமார் 1.73 மடங்காகிவிடும் என்பதால் அந்த வேகம் முக்கியம். இன்னொன்று, பல மாடல்களில் ட்ரிப் கிளாஸை (அதிகக் கரண்ட்டில் எத்தனை நொடிக்குள் ட்ரிப் ஆகும் என்ற வகையை) மாற்றலாம். கிளாஸ் 10 ரிலே, செட்டிங்கைப் போல் 7.2 மடங்கு கரண்ட்டில் 10 நொடிக்குள் விழுந்துவிடும். வேகம் பிடிக்க நேரமெடுக்கும் கனமான ப்ளோயருக்கு கிளாஸ் 20 அல்லது 30 வேண்டியிருக்கும், மோட்டார் அதைத் தாங்குமென்றால்.

எம்பிசிபியில் (மோட்டாருக்கென்றே உள்ள சர்க்யூட் பிரேக்கர்) ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் சேர்ந்தே வருவதால் பேனலில் இடம் மிச்சம். உள்ளே பெரும்பாலும் அதே பைமெட்டல்தான், அதன் குறைகளும் அப்படியே. வீட்டு லைனுக்குப் போடும் எம்சிபியை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

விஎஃப்டியில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) குறைந்த வேகத்தில் ஓடும் மோட்டார்தான் மேலே கேட்ட கேள்விக்குச் சரியான உதாரணம். ஷாஃப்டிலுள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றும். கரண்ட் நார்மல், வைண்டிங் கொதிக்கும். தூசி அடைத்த விசிறி மூடியும் இதே கதை. இங்கே வைண்டிங்குக்குள் புதைத்து, சூட்டையே நேரடியாகப் பார்க்கும் சென்சாரான பிடிசி தெர்மிஸ்டர்தான் என் தேர்வு. ரீவைண்டிங்குக்குப் போகும் மோட்டாரில் பேஸுக்கு ஒன்றாக மூன்றைச் சேர்த்து வைக்கச் சொல்லிவிடலாம். ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பாகம்) சிக்கி நின்றுவிட்டால் மட்டும் தெர்மிஸ்டர் தாமதமாகலாம். அதனால் ஓவர்லோடு ரிலேயைக் கழற்றிவிடாதீர்கள்.